ஸ்கேன் இயந்திரத்துக்கும் தேர்வு உண்டு: நோயாளிக்கு முன் படுக்கும் மாதிரி உடல்கள்

ஸ்கேன் எடுக்காத குடும்பம் இன்று அரிது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்ட், உம்மாவுக்கு மேமோகிராம், வாப்பாவுக்குத் தலையில் சி.டி. ஸ்கேன், முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. என்று ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு கட்டு ஃபிலிம் கவர்கள் சேர்ந்திருக்கின்றன. அறுவை சிகிச்சை வேண்டுமா, மருந்து போதுமா, பிரசவ தேதி எது, கட்டி வளர்கிறதா சுருங்குகிறதா என்பதெல்லாம் அந்தப் படங்களை வைத்துத்தான் முடிவாகின்றன.

நல்ல டாக்டர் யார் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ரத்தப் பரிசோதனை முடிவில் சந்தேகம் வந்தால் வேறு லேபில் மறுபடி கொடுத்துப் பார்க்கிறோம். ஆனால் படம் எடுத்த இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. திரையில் தெரிவது உடலின் உள்ளே இருப்பதுதான் என்று அப்படியே நம்பிவிடுகிறோம்.

உண்மையில் திரையில் தெரிவது புகைப்படம் அல்ல. உடலுக்குள் அனுப்பப்பட்ட கதிரோ ஒலியோ வெளியே வந்த விதத்தைக் கொண்டு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்த படம் அது. கணக்கில் பிழை இருந்தாலும் படம் அழகாகவே வரும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்காகவே மருத்துவ இயற்பியலாளர்கள் செயற்கைத் திசு மாதிரிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

தராசும் எடைக்கல்லும்

கடைத் தராசு சரியா என்று பார்க்க வரும் அதிகாரி அரிசியைப் போட்டு நிறுத்திப் பார்ப்பதில்லை. அரிசியின் உண்மையான எடை அவருக்குத் தெரியாது. முத்திரையிட்ட எடைக்கல்லைத் தட்டில் வைக்கிறார். 1 கிலோ கல்லுக்குத் தராசு 1 கிலோ காட்டினால் சரி. 980 கிராம் காட்டினால் கோளாறு தராசில்தான்.

ஸ்கேன் இயந்திரத்துக்கும் இதே நியாயம்தான். உயிருள்ள மனிதரை வைத்து அதைச் சோதிக்க முடியாது. அவர் உடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தானே ஸ்கேனுக்கே வருகிறார். மேமோகிராமில் கட்டி தெரியவில்லை என்றால், கட்டி இல்லையா, அல்லது இருந்தும் இயந்திரம் காட்டவில்லையா என்று அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எனவே எந்த இடத்தில், எந்த அளவில், என்ன பொருள் இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் முன்பே தெரிந்த ஒரு செயற்கை உடல் தேவைப்படுகிறது. இயந்திரத்தின் விடையை அந்த விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தச் செயற்கை உடலுக்கு மருத்துவத் துறையில் ஃபேன்டம் என்று பெயர். மாயத் தோற்றம் என்பது அந்தச் சொல்லின் பொருள். பெயரைக் கேட்டால் பொம்மை மனிதன் போல இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலானவை அப்படி இல்லை. சில வெறும் பிளாஸ்டிக் உருளைகள், சில ஜெல்லிப் பெட்டிகள், சில தண்ணீர் நிரப்பிய டப்பாக்கள்.

இவை நம் கண்ணுக்கு உடல் போலத் தெரிய வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு உடல் போலத் தெரிந்தால் போதும். எக்ஸ்ரேயும் சி.டி.யும், திசு எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று பார்க்கின்றன. அல்ட்ராசவுண்ட் ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது, எங்கே எதிரொலிக்கிறது என்று கேட்கிறது. எம்.ஆர்.ஐ. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப் புலத்தில் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்கிறது. ஆகவே எக்ஸ்ரேக்குச் சதை போல இருக்கும் பிளாஸ்டிக் அல்ட்ராசவுண்டுக்குச் சதையாகத் தெரியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி எடைக்கல் வேண்டும்.

நோன்புக் கடற்பாசியும் அல்ட்ராசவுண்டும்

அல்ட்ராசவுண்டுக்கான மாதிரித் திசுவின் முக்கியச் சரக்கு நம் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது. நோன்பு காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, இறுகியதும் வில்லை போடுகிறோமே, அந்தக் கடற்பாசிதான். அறிவியல் உலகில் அகர் என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் எடுக்கப் பயன்படுவதுதான்.

இயற்பியலாளர்கள் ஏன் கடற்பாசியைத் தேடிப் போனார்கள்? அல்ட்ராசவுண்ட் இயந்திரத்துக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. உடலின் மென்மையான திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகும் என்று அது எடுத்துக்கொள்கிறது. எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, அந்த வேகத்தால் கணக்கிட்டு, இந்தப் பொருள் இத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று திரையில் வரைகிறது.

சாதாரணத் தண்ணீரில் ஒலியின் வேகம் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 1,480 மீட்டர்தான். ஆகவே தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் உள்ள பொருளை இயந்திரம் 10.4 செ.மீ.யில் இருப்பதாகக் காட்டும். இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்த பொருள்தான் திசுவைப் போல இல்லை. எனவே அகரைக் காய்ச்சும்போது ஆல்கஹால் வகைத் திரவமோ கிளிசரினோ அளவாகக் கலந்து வேகத்தை 1,540க்குக் கொண்டுவருகிறார்கள். கூடவே நுண்ணிய கிராஃபைட் தூளைக் கலக்கிறார்கள். ஈரலின் படம் திரையில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் அல்லவா, அந்தத் தோற்றத்தை இந்தத் தூள் தருகிறது. ஆழம் போகப் போக ஒலி மங்குவதையும் இதுவே ஏற்படுத்துகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் மேட்சன், ஜேம்ஸ் ஜாக்ஜெப்ஸ்கி ஆகியோரின் குழு 1970களின் இறுதியில் இத்தகைய கலவைகளை உருவாக்கி வழிகாட்டியது.

இந்த ஜெல்லிக்குள் மெல்லிய நைலான் இழைகளைத் துல்லியமான இடைவெளியில் கட்டி வைப்பார்கள். மேலே ஸ்கேன் கருவியை வைத்தால் இழைகள் புள்ளிகளாகத் தெரியும். உண்மையில் 2 செ.மீ. இடைவெளி உள்ள இரு இழைகள் திரையிலும் 2 செ.மீ.தானா என்று அளந்து பார்ப்பார்கள். நீர்க்கட்டியைப் போலத் தூள் கலக்காத உருண்டைகளையும் உள்ளே வைப்பார்கள். அவை கறுப்பாகத் தெரிய வேண்டும்.

கர்ப்பத்தின் வயதைக் குழந்தையின் தலை அகலத்தையும் தொடை எலும்பின் நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்துதான் சொல்கிறார்கள். குழந்தை சரியாக வளரவில்லை என்ற கவலையும், முன்கூட்டியே பிரசவம் பார்க்கலாம் என்ற முடிவும் அந்த மில்லிமீட்டர்களிலிருந்து வருகின்றன. அளவுகோலே தவறாக இருந்தால் ஒரு குடும்பமே தூக்கத்தைத் தொலைக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. வயிற்றில் வைத்துத் தேய்க்கும் கருவியின் முகத்தில் வரிசையாக நூற்றுக்கு மேற்பட்ட சிறு படிகங்கள் இருக்கின்றன. கை தவறிக் கீழே விழுந்தால் அவற்றில் சில செத்துப் போகும். மனித உடலில் வைத்துப் பார்க்கும்போது அது எளிதில் தெரியாது. எலும்பின் நிழல், வாயுவின் நிழல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஜெல்லியின் மேல் வைத்தால், செத்த படிகத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு இறங்குவது பளிச்சென்று தெரியும்.

கடற்பாசி வில்லையைத் திறந்து வைத்தால் நீர் வற்றிச் சுருங்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆய்வகத்திலும் அதே தொல்லைதான். நீர் வற்றினால் ஒலியின் வேகம் மாறும், இழைகளின் இடைவெளியும் மாறும். அதனால் இவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்து வைக்கிறார்கள். எடைக்கல்லையும் அவ்வப்போது சோதிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் கட்டை

மாதிரித் திசு நேரடியாகப் பெண்களின் உயிரைக் காக்கும் இடம் மேமோகிராம்.

மார்பகப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளம் சில சமயம் கட்டியாகவே இருக்காது. உப்புத் தூள் போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளாக இருக்கும். கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. நல்ல மேமோகிராமில் தெரியும், மங்கலான மேமோகிராமில் தெரியாது. "ஒன்றுமில்லை" என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு, அந்த நிம்மதி இயந்திரம் மங்கலாகக் காட்டியதால் கிடைத்ததாக இருக்கக் கூடாது.

1980களில் அமெரிக்காவில் மேமோகிராம் மையங்கள் வேகமாகப் பெருகின. சோதித்துப் பார்த்தபோது மையத்துக்கு மையம் படத்தின் தரமும் கதிர்வீச்சின் அளவும் பெரிதும் வேறுபடுவது தெரிந்தது. 1992ல் அந்நாட்டு நாடாளுமன்றம் மேமோகிராம் தரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1994 அக்டோபர் முதல், சான்று பெறாத மையம் மேமோகிராம் எடுக்கக் கூடாது என்றானது. அந்தச் சான்றின் மையத்தில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஓர் அக்ரிலிக் கட்டை.

மேமோகிராமுக்காக அழுத்திப் பிடித்த, 4.2 செ.மீ. தடிமனுள்ள மார்பகத்தை அது பிரதிநிதித்துவப்படுத்துகிறது. பாதி சுரப்பித் திசு, பாதி கொழுப்பு என்பது கணக்கு. உள்ளே ஒரு மெழுகு வில்லை. அதற்குள் 16 பொருள்கள் ஒளிந்திருக்கின்றன: 6 நைலான் இழைகள், 5 துகள் கூட்டங்கள், 5 சிறு கட்டிகள். ஒன்றைவிட ஒன்று சிறியது. மிகப் பெரிய இழை 1.56 மி.மீ., மிகச் சிறியது 0.40 மி.மீ. துகள்கள் 0.54 மி.மீ.யில் தொடங்கி 0.16 மி.மீ. வரை போகின்றன. சுண்ணாம்புப் புள்ளிகளுக்குப் பதிலாக இருப்பவை இந்தத் துகள்கள்தான்.

ஃபிலிம் காலத்துத் தேர்வு மிக எளிமையானது. கட்டையை மனிதருக்கு எடுப்பது போலவே படம் எடுக்க வேண்டும். குறைந்தது 4 இழைகள், 3 துகள் கூட்டங்கள், 3 கட்டிகள் தெரிந்தால் தேர்ச்சி. தெரியாவிட்டால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை நோயாளிகளுக்கு அந்த இயந்திரத்தில் படம் எடுக்கக் கூடாது. இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும்.

கதிரைக் கூட்டினால் படம் தெளிவாகிவிடுமே, அப்படித் தேர்ச்சி பெற்றுவிட முடியாதா? அதற்கும் கடிவாளம் போட்டார்கள். அந்தக் கட்டையின் கணக்கில் ஒரு படத்துக்குச் சுரப்பித் திசு வாங்கும் கதிர்வீச்சு 3 மில்லிகிரேயைத் தாண்டக் கூடாது. குறைந்த கதிரில் போதுமான தெளிவு என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாக நிறைவேற்ற வேண்டும். பிறகு டிஜிட்டல் இயந்திரங்கள் வந்தபோது புதிய மாதிரிகளும் புதிய மதிப்பெண் முறையும் வந்தன. முன்பே தெரிந்த விடையோடு ஒப்பிடுவது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

தண்ணீருக்குப் பூஜ்யம்

சி.டி. ஸ்கேனுக்கான முதல் எடைக்கல் வெறும் தண்ணீர்.

பிரிட்டனைச் சேர்ந்த பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இயந்திரத்தில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அவருக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் 1979ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்றே பெயர். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000 என்று அந்த அளவுகோல் வகுக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. கெட்டியான எலும்பு பல நூறுகளுக்கு மேலே.

எனவே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை ஸ்கேன் செய்து, தண்ணீருக்கு 0 காட்டுகிறதா என்று பார்ப்பது அடிப்படைச் சோதனை. ஓரிரு எண் முன்பின் இருக்கலாம். தொடர்ந்து விலகிக்கொண்டே போனால் இயந்திரத்தை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

நாலைந்து எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எண் 0 முதல் 20க்குள் இருந்து, மற்ற அடையாளங்களும் ஒத்துப்போனால் அது தண்ணீர் நிரம்பிய சாதாரணக் கட்டி. பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. எண் அதற்கு மேலே போனால் வேறு பரிசோதனைகள் வேண்டும் என்பார்கள். அளவுகோல் 15 எண் நகர்ந்திருந்தால், பயப்படத் தேவையில்லாதவர் பயப்படுவார். அல்லது பயப்பட வேண்டியவர் கவலையில்லாமல் போவார்.

கதிர்வீச்சின் அளவைச் சோதிக்க வேறு மாதிரிகள் உண்டு. தலைக்கு 16 செ.மீ. விட்டமும் உடலுக்கு 32 செ.மீ. விட்டமும் உள்ள அக்ரிலிக் உருளைகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. அவற்றில் துளையிட்டு அளவுமானியைச் செருகிப் பார்ப்பார்கள். இதைவிட விரிவாகப் பார்க்க, அமெரிக்காவின் சாமுவேல் ஆல்டர்சன் உண்மையான மனித எலும்புக்கூட்டைச் சதைக்கு இணையான செயற்கைப் பொருளில் பதித்து ஒரு மாதிரி செய்தார். 2.5 செ.மீ. தடிமனுள்ள வில்லைகளாக வெட்டப்பட்ட அதன் துளைகளில் சிறு அளவுமானிகளை வைத்தால், எந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். கார் விபத்துச் சோதனைகளில் பயன்படும் பொம்மை மனிதர்களை உருவாக்கிய முன்னோடியும் இவர்தான்.

இந்தச் சோதனைகள் எவ்வளவு அவசியம் என்பதை 2009ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண்டது. அங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் பக்கவாதம் என்று சந்தேகிக்கப்பட்ட 206 நோயாளிகள், 18 மாத காலத்தில், மூளை சி.டி. ஸ்கேனின்போது எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 8 மடங்கு கதிர்வீச்சு வாங்கியிருந்தார்கள். அதிகபட்சம் அரை கிரே இருக்க வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே. சிலருக்குத் தலைமுடி கொட்டியது, தோல் சிவந்தது. முடி கொட்டியதை நோயாளி சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எல்லா மருத்துவமனைகளையும் எச்சரித்தது. சி.டி. ஸ்கேனில் தரப்பட்ட கதிர்வீச்சின் அளவை நோயாளியின் ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது.

இங்கே கவனிக்க வேண்டியது, இயந்திரம் உடைந்து போகவில்லை என்பதுதான். அந்தக் குறிப்பிட்ட ஸ்கேனுக்கான அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. மாற்றியபடியே அது நோயாளிக்கு நோயாளி நடந்துகொண்டிருந்தது. படங்கள் மங்கலாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். கதிர் கூடினால் படம் மங்காது, தெளிவுதான் கூடும். ஆகவே இயந்திரத்தை அதன் பொதுவான அமைப்பில் மட்டும் சோதித்தால் போதாது. நோயாளிக்கு எந்த அமைப்பில் ஸ்கேன் எடுக்கப்படுகிறதோ அதே அமைப்பில் மாதிரி உடலையும் ஸ்கேன் செய்ய வேண்டும். எடைக்கல் பெட்டியிலேயே இருந்தால் தராசு திருந்தாது.

எம்.ஆர்.ஐ.க்கு உப்புத் தண்ணீர்

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் காந்தப் புலம் சீராக இல்லாவிட்டால் படம் வளையும், நீளும். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் எம்.ஆர்.ஐ. மாதிரி, நிக்கல் குளோரைடும் சமையல் உப்பும் கரைத்த நீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் உருளை. உட்புற விட்டம் 190 மி.மீ., நீளம் 148 மி.மீ. படத்தில் அளந்தால் இதே எண்கள் வர வேண்டும். உள்ளே மிக நுண்ணிய துளை வரிசைகளும், வரவர மங்கிக்கொண்டே போகும் வட்டங்களும் உண்டு. எத்தனை தெரிகின்றன என்று எண்ணுவார்கள்.

மூளைக் கட்டி உள்ள ஒருவருக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கட்டி 2 மி.மீ. வளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. வளர்ந்தது கட்டியா, இயந்திரத்தின் பிழையா என்று பிரித்துச் சொல்ல, இரண்டு முறையும் இயந்திரம் ஒரே அளவைக் காட்டியது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தருவது இந்த உப்புத் தண்ணீர் உருளைதான்.

மாதிரி உடல் யாருடைய உடல்?

எடைக்கல் ஊருக்கு ஊர் மாறாது. மனித உடல் மாறும். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் கணக்குகளுக்காக வைத்திருக்கும் மாதிரி ஆண் 176 செ.மீ. உயரமும் 73 கிலோ எடையும் கொண்டவர். மாதிரிப் பெண் 163 செ.மீ., 60 கிலோ. பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களின் அளவுகளை ஒட்டியவை இவை. நம் வீட்டில் 150 செ.மீ. உயரமுள்ள பாட்டிமார்கள் எத்தனை பேர்! குழந்தைகளின் உடல் இன்னும் சிறியது. பெரியவர்களுக்கான அமைப்பிலேயே குழந்தைக்கும் ஸ்கேன் எடுத்தால், அதன் சிறிய உடல் தேவைக்கு மேல் கதிரை வாங்கும். அதனால்தான் குழந்தைகளின் வயதுக்கேற்ற மாதிரி உடல்களும் செய்யப்பட்டிருக்கின்றன.

மார்பக மாதிரியின் பாதிக்குப் பாதி கணக்கும் அப்படியே. எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது. இளம் பெண்களுக்குப் பொதுவாகச் சுரப்பித் திசு அதிகமாக இருக்கும். அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் பிரித்துப் பார்ப்பது கடினம். மாதிரியில் தேர்ச்சி பெற்ற இயந்திரமும் அடர்த்தியான மார்பகத்தில் கட்டியைத் தவறவிடலாம். அதனால்தான் அத்தகைய பெண்களுக்கு டாக்டர்கள் அல்ட்ராசவுண்டும் சேர்த்து எழுதுகிறார்கள்.

தோலின் நிறமும் இதில் வருகிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் கருவியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது ஸ்கேன் இல்லை என்றாலும், ஒளியைத் திசுவுக்குள் செலுத்திக் கணக்குப் போடும் கருவிதான். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 என்று காட்டிய நேரத்தில் ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையின நோயாளிகளில் சுமார் 4 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 சதவீதம். கருந்தோலிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சுவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒளியால் உடலுக்குள் பார்க்கும் புதிய இமேஜிங் கருவிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே வெவ்வேறு தோல் நிறங்களுக்கு ஏற்ற மாதிரித் திசுக்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் கருவி சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்கும் வேலை இப்போது நடக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கருநிறத்தவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

மாதிரி உடலுக்கு வேறு எல்லைகளும் உண்டு. பெரும்பாலானவை மூச்சு விடுவதில்லை, இதயம் துடிப்பதில்லை, வலியில் அசைவதில்லை. மூச்சைப் போல அசையும் மாதிரிகளும், ஒரு நோயாளியின் ஸ்கேனைப் பார்த்து அதே வடிவில் 3டி முறையில் அச்சிடும் மாதிரிகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் இயந்திரம் நன்றாகப் பார்த்ததா என்பதைத்தான் இவை சொல்லும். பார்த்ததை டாக்டர் சரியாகப் படித்தாரா என்பது வேறு தேர்வு.

நம் நாட்டில் என்ன விதி?

இந்தியாவில் எக்ஸ்ரே, சி.டி., மேமோகிராம் ஆகிய கதிர்வீச்சுக் கருவிகள், 1983ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில் வருகின்றன. இவற்றை வைத்திருக்கும் மையம் வாரியத்தின் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். கருவியின் தரச் சோதனையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். கதிர்வீச்சைப் பாதிக்கும் பழுது ஏதும் பார்க்கப்பட்டால் அதன் பிறகும் செய்ய வேண்டும்.

அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அத்தகைய கதிர் இல்லாததால் அவை இந்த வாரியத்தின் கீழ் வருவதில்லை. அல்ட்ராசவுண்ட் மையங்களில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்று, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கானது. மிகவும் தேவையான சட்டம். ஆனால் அந்த இயந்திரம் சரியாக அளக்கிறது என்பதற்கான சான்று அது இல்லை. அங்கே தரச் சோதனை பெரும்பாலும் மையத்தை நடத்துபவரின் பொறுப்புணர்வைச் சார்ந்தே இருக்கிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எக்ஸ்ரே, சி.டி., மேமோகிராம் என்றால், "இந்த இயந்திரத்துக்கு ஏ.இ.ஆர்.பி. பதிவு இருக்கிறதா, கடைசியாகத் தரச் சோதனை எப்போது நடந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முறையாக நடக்கும் மையம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. குழந்தைக்கு சி.டி. எடுப்பதானால், "குழந்தைகளுக்கான அமைப்பில்தானே எடுக்கிறீர்கள்?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கட்டியின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பதானால், முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே வகை இயந்திரத்தில் எடுங்கள். பழைய ஃபிலிமையும் சி.டி. தட்டையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் கட்டியோ வலியோ இருந்தால் டாக்டரிடம் திரும்பப் போகத் தயங்காதீர்கள். குறிப்பாக, வீட்டுப் பெண்கள் கூச்சப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்கேனையே சந்தேகப்பட்டு ஒதுக்குவது இன்னும் பெரிய ஆபத்து. டாக்டர் தேவை என்று சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கடைக்காரரை நம்புகிறோம் என்பதால் தராசில் முத்திரை வேண்டாம் என்று சொல்வதில்லை. முத்திரை இருப்பதால்தான் தெரியாத கடையிலும் நம்பி வாங்க முடிகிறது. ஸ்கேன் மையத்தில் அந்த முத்திரையின் வேலையைச் செய்பவை ஒரு டப்பா தண்ணீரும், ஒரு பிளாஸ்டிக் கட்டையும், ஒரு பெட்டிக் கடற்பாசியும்தான். அவற்றைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தார்கள் என்று நாம் கேட்கத் தொடங்கினால், எடுக்கும் பழக்கமும் கூடும்.